தெரியாம செஞ்சிட்டேன்

நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் நிற்கும் கூண்டிலிருந்து நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: "தெரியாம செஞ்சிட்டேன்." மோட்டார் திருடியதாகப் பிடிபட்டவர் சொல்வார். அடிதடி வழக்கில் வந்தவர் சொல்வார். வங்கிக் கார்டைத் தோழியிடம் கொடுத்து மாட்டிக்கொண்ட கல்லூரி மாணவி சொல்வார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் அதையேதான் சொல்வார்: "எம்புள்ள தெரியாம செஞ்சிட்டான் மேடம், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

எடுத்துச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. மொழிபெயர்ப்பாளர் வழக்கறிஞர் அல்ல. இவர் தமிழில் சொன்னதை மாஜிஸ்திரேட்டிடம் மலாயில் சொல்வதும், அவர் மலாயில் சொன்னதை இவருக்குத் தமிழில் சொல்வதும்தான் வேலை. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஆனால், அப்படி ஒழுங்காக மொழிபெயர்க்க முடியாமல் என்னைத் திணற வைத்த வாக்கியம் இதுதான்.

காரணம், மலாயில் இதற்கு ஒரு சொல் இல்லை, பல சொற்கள் இருக்கின்றன. வேண்டுமென்றே செய்யவில்லை என்றால் 'தீடாக் செஙாஜா'. விஷயம் தெரியாது என்றால் 'தீடாக் தாஹு'. ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிட்டேன் என்றால் 'தெர்சிலாப்'. செய்ததற்கு வருந்துகிறேன் என்றால் 'மெஞெசால்'. நம் தமிழில் இத்தனையையும் ஒரே 'தெரியாம' சுமக்கிறது. வீட்டில் அது போதும். கண்ணாடி டம்ளரை உடைத்த பிள்ளை "தெரியாம" என்றால் அம்மாவுக்குப் புரிந்துவிடும். நீதிமன்றத்தில் ஒவ்வோர் அர்த்தத்துக்கும் ஒவ்வொரு விளைவு உண்டு. ஒன்று விடுதலைக்குப் போகும் வழி. இன்னொன்று தண்டனையைக் கொஞ்சம் குறைக்கலாம். மற்றொன்று எதற்குமே உதவாது.

ஓய்வு பெற்ற பிறகு, சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் என்னைச் சுற்றி உட்கார்ந்து சட்டம் கேட்பவர்களிடம் நான் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பேசத் தொடங்குவேன். குற்றவியல் சட்டத்தின் பாதி இதற்குள் இருக்கிறது.

செருப்பும் திருட்டும்

நம் நாட்டின் குற்றவியல் சட்டம், அதாவது 'கானுன் கெசெக்சாஆன்', புதிதாக எழுதப்பட்டது அல்ல. 1860இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்காக இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம்தான் அதன் மூலம். 1870களில் அது நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. இந்தியாவே 2024 ஜூலையில் அதை மாற்றிப் புதுச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. நம்மிடமும் சிங்கப்பூரிலும் பல திருத்தங்களோடு அந்தப் பழைய எலும்புக்கூடு இன்னும் நிற்கிறது. தமிழ்நாட்டுப் படங்களில் கேட்ட 302, 420 என்ற எண்கள் நம் நாளிதழ்களிலும் வருவது அதனால்தான்.

அந்தச் சட்டம் பெரும்பாலான குற்றங்களில் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. இவர் இதைச் செய்தாரா? செய்தபோது இவர் மனத்தில் என்ன இருந்தது? இரண்டுக்கும் அரசுத் தரப்பு நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிப் பதில் காட்ட வேண்டும்.

தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகிறீர்கள். கூட்டத்தில் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது உங்களுடையது இல்லை, அதே நிறம், அதே கம்பெனி. இன்னொருவரின் பொருளை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்திருக்கிறீர்கள். ஆனாலும் அது திருட்டு இல்லை. 378ஆவது பிரிவு சொல்லும் திருட்டுக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும், அதாவது தனக்கு முறையற்ற லாபமோ பிறருக்கு முறையற்ற நட்டமோ உண்டாக்கும் எண்ணம். பக்கத்தில் நின்றவர் அதே மாதிரிச் செருப்பைப் பார்த்து, "நம்மளோடது பழசாப் போச்சு, இது புதுசா இருக்கு" என்று நினைத்து மாட்டிக்கொண்டு போனால் அது திருட்டு. 379ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். கால்கள் செய்த வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். மனம்தான் வேறு.

மனத்தை யார் பார்க்க முடியும் என்று கேட்பார்கள். நீதிமன்றமும் பார்க்க முடியாது. முன்னும் பின்னும் நடந்ததை வைத்து ஊகிக்கும். செருப்பு மாறியது தெரிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைத்தாரா, ஒளித்து வைத்தாரா? கேட்டபோது உடனே சொன்னாரா, மழுப்பினாரா? மனத்துக்குச் சாட்சி நடத்தைதான்.

சட்டம் ஏற்கும் 'தெரியாம'

முதல் வகை, தற்செயல். 80ஆவது பிரிவு. சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவர் கோடாரியால் வேலை செய்துகொண்டிருக்கிறார். கோடாரியின் தலை கழன்று பறந்து, பக்கத்தில் நின்றவர்மேல் பட்டு அவர் இறந்துவிடுகிறார். வேலை செய்தவரிடம் போதிய கவனம் இருந்தது என்றால் அது குற்றம் இல்லை. 'போதிய கவனம்' என்ற நிபந்தனை முக்கியம். காம்பு ஆடுகிறது என்று தெரிந்தும் வெட்டிக்கொண்டிருந்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது 304ஏ பிரிவின்கீழ் தனிக் குற்றம், 2 ஆண்டு வரை சிறை.

இரண்டாவது, நிலைமையைத் தவறாகப் புரிந்துகொள்வது. 79ஆவது பிரிவு. கடைத் தெருவில் சாதாரண உடையில் இருவர் ஓர் இளைஞனைக் காருக்குள் தள்ளுவதைப் பார்க்கிறீர்கள். ஆள் கடத்தல் என்று நினைத்து ஓடிப்போய்த் தடுக்கிறீர்கள். அப்புறம்தான் தெரிகிறது, அவர்கள் போலீஸ். நீங்கள் நினைத்தது உண்மையாக இருந்திருந்தால் செய்தது சரி, நல்லெண்ணத்தோடுதான் நினைத்தீர்கள் என்றால் சட்டம் உங்களைக் காக்கும். இங்கேயும் நிபந்தனை உண்டு. கவனமில்லாமல் செய்ததை 'நல்லெண்ணம்' என்று சட்டம் ஏற்காது. அவர்கள் அதிகார அட்டையைக் காட்டிய பிறகும் கையை ஓங்கியிருந்தால், "தெரியாம" என்று சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது, வயதும் மனநிலையும். 10 வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றம் ஆகாது. 10க்கு மேல் 12க்குள் இருக்கும் பிள்ளைக்கு, தான் செய்வதன் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லை என்றால் அதுவும் குற்றம் ஆகாது. மனநலம் பாதிக்கப்பட்டு, தான் செய்வது என்ன, அது தவறா என்று அறிய முடியாத நிலையில் இருந்தவருக்கு 84ஆவது பிரிவு இருக்கிறது.

இந்த விதிவிலக்குகளைக் கேட்பவர்தான் அவற்றைக் காட்ட வேண்டும் என்று 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 105ஆவது பிரிவு சொல்கிறது. அரசுத் தரப்பைப் போல் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆனால், காட்ட வேண்டும். சும்மா சொன்னால் போதாது.

சட்டம் ஏற்காத 'தெரியாம'

"இது குத்தம்னு தெரியாது." இதை நான் மொழிபெயர்க்கும்போதெல்லாம் மாஜிஸ்திரேட் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. சட்டம் தெரியாது என்பது தற்காப்பு வாதம் ஆகாது. 79ஆவது பிரிவே அதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது: நடந்ததைப் பற்றிய தவறான எண்ணம் உதவும், சட்டத்தைப் பற்றிய தவறான எண்ணம் உதவாது.

"போதையில என்ன செஞ்சேன்னே தெரியல." தானாகக் குடித்த போதை பொதுவாக யாரையும் காப்பாற்றாது. தெரியாமல் யாராவது பானத்தில் கலந்து கொடுத்திருந்தால் அது வேறு. குறிப்பிட்ட எண்ணம் வேண்டும் என்று சொல்லும் குற்றங்களில், அந்த எண்ணம் உருவாகும் நிலையில் அவர் இருந்தாரா என்று பார்க்கும்போது போதை கணக்கில் எடுக்கப்படும். காலையில் எழுந்து "ஒன்னும் ஞாபகம் இல்லை" என்பது அதற்குப் போதாது.

"கோவத்துல கண்ணு மண்ணு தெரியல." இதில் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஆனால் குறுகிய இடம். கடுமையான, திடீரென்ற தூண்டுதலால் ஒருவர் தன் கட்டுப்பாட்டை இழந்து கொன்றுவிட்டால், கொலை என்பது அதற்குக் கீழ்ப்பட்ட மரணம் விளைவித்த குற்றமாகக் குறையலாம். அந்த வித்தியாசம் சிறியது அல்ல. 302ஆவது பிரிவின் கொலைக்கு முன்பு மரண தண்டனை ஒன்றுதான். 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, மரண தண்டனை அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறை என்று ஆனது. கீழ்ப்பட்ட குற்றம் 304ஆவது பிரிவில் வரும். நிலைமையைப் பொறுத்து 30 ஆண்டு வரை அல்லது 10 ஆண்டு வரை. 'திடீர்' என்பதுதான் திறவுகோல். சண்டை போட்டு, வீட்டுக்குப் போய், பாராங் எடுத்து, மோட்டாரில் திரும்பி வந்தவர் "கோவத்துல" என்று சொன்னால், அந்த மோட்டார் ஓடிய நேரத்தைத்தான் அரசுத் தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பார்.

கண்ணை மூடிக்கொண்டவரின் 'தெரியாம'

நம் குடும்பங்களை அதிகம் அழ வைக்கும் வகை இதுதான்.

பாதி விலைக்கு மோட்டார் கிடைக்கிறது. கிரான் இல்லை, "அப்புறம் தரேன்" என்கிறான் விற்பவன். வாங்கிவிடுகிறான் பையன். அது திருட்டு மோட்டார். "திருட்டு மோட்டார்னு எனக்குத் தெரியாது" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், திருட்டுப் பொருளை வாங்குவது பற்றிய 411ஆவது பிரிவு 'தெரிந்து' என்பதோடு நிற்கவில்லை. 'திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும்' என்பதையும் சேர்த்திருக்கிறது. பாதி விலையும் இல்லாத கிரானும் அந்தக் காரணம் ஆகலாம்.

வங்கிக் கணக்கும் அப்படித்தான். "ஒரு மாசத்துக்கு உன் ஏடிஎம் கார்டைக் குடு, 500 வெள்ளி தரேன்" என்கிறாள் தோழி. மோசடிக்காரர்கள் ஓய்வூதியர்களிடம் பறித்த பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடுகிறது. போலீஸ் வந்து நிற்பது கணக்குக்குச் சொந்தக்காரர் வீட்டு வாசலில். மலாயில் 'அகாவுன் கெல்டாய்', கழுதைக் கணக்கு என்று பேரே வைத்துவிட்டார்கள். 2024இல் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, இதற்கென்றே புதிய பிரிவுகளைச் சேர்த்தது. முறையான காரணமின்றிக் கணக்கையோ கார்டையோ பிறர் கையில் ஒப்படைப்பதே இப்போது சிக்கல். "பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாது" என்பது முன்னைப் போல் எடுபடாது.

எல்லாவற்றுக்கும் மேலே, போதைப்பொருள். "இந்தப் பைய மட்டும் கொண்டுபோய் அந்த அண்ணன்கிட்ட குடுத்துடு." பையைத் திறந்தால் ஷாபு. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 37ஆவது பிரிவு இங்கே வழக்கத்தைத் தலைகீழாக்குகிறது. போதைப்பொருள் இருக்கும் பை உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், அது உங்கள் வசம் இருந்தது என்றும் அது என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும் என்றும் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அதே பிரிவில் இன்னோர் அனுமானமும் உண்டு. ஹெராயின் 15 கிராம், ஷாபு 50 கிராம், கஞ்சா 200 கிராம் என்ற அளவை எட்டினால் அது கடத்தல் என்று கருதப்படும். கடத்தலுக்கு மரண தண்டனை இப்போது கட்டாயம் இல்லை. நீதிபதி முடிவு செய்யலாம். மாற்றாகக் கிடைப்பது நீண்ட சிறையும் பிரம்படியும்.

இந்த இரண்டு அனுமானங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது. 2019இல் கூட்டரசு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று செல்லாததாக்கியது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்ற கொள்கைக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அன்று நீதிமன்ற கேண்டீனில் வழக்கறிஞர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால், தனித்தனி அனுமானங்கள் அப்படியே இருக்கின்றன.

சந்தேகம் வந்தும் வேண்டுமென்றே கேட்காமல் இருந்தவரை, தெரிந்தவராகவே நீதிமன்றங்கள் கருதும். பை ஏன் இவ்வளவு கனம், கொண்டுபோக ஏன் இவ்வளவு காசு, ஏன் அவனே போகவில்லை? இவற்றைக் கேட்காமல் விட்டது அறியாமை இல்லை, கண்ணை மூடிக்கொண்டது. பிள்ளைகளிடம் நான் சொல்வது இதைத்தான்: "கேட்டா கோவிச்சுக்குவான்னு நீ கேக்காம விட்ட கேள்வியதான், அப்புறம் கோர்ட்டுல உன்கிட்ட கேப்பாங்க."

"நான் சும்மா கூடதான் நின்னேன்"

அடிதடி வழக்குகளில் ஐந்தாறு பேரை வரிசையாக நிறுத்துவார்கள். அடித்தவன் ஒருவன் அல்லது இருவர். மற்றவர்களின் தாய்மார்கள் ஒரே குரலில் சொல்வார்கள்: "எம்புள்ள கையையே வைக்கல." அது உண்மையாகவே இருக்கும். பிறகு ஏன் அதே குற்றச்சாட்டு?

34ஆவது பிரிவு. பலர் சேர்ந்து, எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணத்தை நிறைவேற்ற ஒரு குற்றத்தைச் செய்தால், ஒவ்வொருவரும் அதைத் தனியாகவே செய்தது போல் பொறுப்பு. 1923இல் கல்கத்தாவில் ஒரு தபால் நிலையத்தில் கொள்ளையடிக்கப் போனவர்கள், பணம் எண்ணிக்கொண்டிருந்த அதிகாரியைச் சுட்டுக் கொன்றார்கள். பிடிபட்டவர், "நான் வெளியேதான் நின்றேன், பயந்துபோயிருந்தேன்" என்று வாதாடினார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1925இல் தீர்ப்பு வந்தது: வாசலில் நின்றவரும் அந்த வேலையில் பங்கெடுத்தவர்தான். அந்தத் தீர்ப்பை இன்றும் நம் நீதிமன்றங்களில் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அதற்காக, கூட நின்ற எல்லோரும் குற்றவாளி என்றும் ஆகிவிடாது. 1945இல் அதே பிரிவி கவுன்சில் இன்னொரு வழக்கில் எல்லையைக் காட்டியது. சிந்து நதிக்கரையில் நாணல் சேகரித்தது தொடர்பான தகராறில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கியோடு வந்த இருவரில் ஒருவர்மீது போடப்பட்ட கொலைத் தீர்ப்பை நீதிபதிகள் ரத்து செய்தார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி எண்ணம் தனித்தனியாக இருப்பது வேறு, இருவரும் சேர்ந்து ஒரு எண்ணத்தோடு இறங்குவது வேறு என்றார்கள். வெறுமனே அந்த இடத்தில் இருந்தது மட்டும் குற்றம் ஆகாது.

ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோத நோக்கத்தோடு கூடியிருந்தால் 149ஆவது பிரிவு வரும். அது இன்னும் அகலமான வலை. கூட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்ற நடந்த குற்றத்துக்கும், நடக்கக்கூடும் என்று உறுப்பினர்களுக்குத் தெரிந்த குற்றத்துக்கும் எல்லோரும் பொறுப்பு. "அவன் வெட்டுவான்னு எனக்குத் தெரியாது" என்பது இங்கே வெறும் புலம்பல் இல்லை, வழக்கின் மையம். காரில் ஏறும்போது பின் சீட்டில் பாராங் கிடந்ததைப் பார்த்தானா? "அவனை விடக்கூடாது" என்று வாட்ஸ்அப்பில் பேசியதைப் படித்தானா? நண்பனுக்காகச் சண்டைக்குப் போகிறேன் என்று கிளம்பும் பையனை வாசலில் மறிக்கும் அப்பாக்களுக்கு இந்த இரண்டு கேள்விகளும் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்தே செய்தும் குற்றமாகாதது

எதிர்ப்புறமும் ஒன்று இருக்கிறது. ஒருவர் தெரிந்தே, வேண்டுமென்றே அடித்திருப்பார். ஆனாலும் குற்றவாளி இல்லை. அது தற்காப்பு உரிமை, 96 முதல் 106 வரையிலான பிரிவுகள். உங்கள் உடலையும் பிறர் உடலையும் காக்கலாம், உடைமையையும் காக்கலாம். உயிர் போய்விடும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும்.

எல்லை, தேவைக்கு மேல் போகக்கூடாது என்பதுதான். போலீஸை நாட நேரம் இருந்தால் கை வைக்கக்கூடாது. வீட்டுக்குள் புகுந்தவனை அடித்து விரட்டுவது தற்காப்பு. பிடித்துக் கட்டிவைத்த பிறகு தாமான்காரர்கள் எல்லாம் சேர்ந்து அடிப்பது தற்காப்பு இல்லை. கட்டிய கயிற்றோடு ஆபத்தும் முடிந்துவிட்டது. திருடனைப் பிடித்த நல்ல மனிதர்கள் கூண்டில் ஏறி நின்று, ஏன் நிற்கிறோம் என்றே புரியாமல் விழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்புக்கொள்ளும் அந்த நிமிடம்

சாதாரணக் குடும்பங்களுக்கு எது தெரியாவிட்டாலும் இது தெரிய வேண்டும்.

முதல் நாளில் குற்றச்சாட்டை வாசித்து, புரிகிறதா, ஒப்புக்கொள்கிறாரா, விசாரணை கேட்கிறாரா என்று கேட்பார்கள். அப்போது குடும்பத்தார் வெளியே சொல்லியனுப்பும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒத்துக்கிட்டு சட்டுனு முடிச்சிட்டு வந்துடு. தெரியாம செஞ்சிட்டேன்னு சொல்லு, விட்டுருவாங்க." அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் போயிருக்கும். லாயருக்குக் காசு இல்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருக்கும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் இங்கே ஒரு பாதுகாப்பை வைத்திருக்கிறது. ஒப்புக்கொள்பவர் அதன் தன்மையையும் விளைவையும் புரிந்திருக்க வேண்டும். நிபந்தனை எதுவும் இல்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். "ஒத்துக்கிறேன், ஆனா அது திருட்டு மோட்டார்னு தெரியாம வாங்கிட்டேன்" என்றால் அது ஒப்புதலே இல்லை. குற்றத்தின் பாதியை, மனம் சம்பந்தப்பட்ட பாதியை, அவர் மறுக்கிறார். மாஜிஸ்திரேட் அதை ஏற்காமல் விசாரணைக்குத் தேதி குறிக்க வேண்டும்.

ஒரு முறை 19 வயதுத் தம்பி ஒருவர் இதே வாக்கியத்தின் பாதியை மட்டும் சொன்னார்: "ஒத்துக்கிறேன், தெரியாம செஞ்சிட்டேன்." திருட்டுப் பொருள் வாங்கிய வழக்கு. நான் மாஜிஸ்திரேட்டிடம், இந்தத் தமிழ்ச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அர்த்தம் உண்டு, எதைச் சொல்கிறார் என்று கேட்க அனுமதி வேண்டும் என்றேன். கேட்கச் சொன்னார். "தம்பி, திருட்டு மோட்டார்னு தெரியாம வாங்குனேன்னு சொல்றீங்களா, இல்ல தெரிஞ்சு வாங்கிட்டு இப்ப வருத்தப்படுறேன்னு சொல்றீங்களா?" தம்பி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ரெண்டும் ஒன்னுதானேக்கா?" என்றார். ஒன்று இல்லை என்று விளக்கினார் மாஜிஸ்திரேட். நான் தமிழில் சொன்னேன். "வாங்கும்போது தெரியாதுக்கா. போலீஸ் சொல்லிதான் தெரியும்" என்றார் தம்பி. விசாரணைக்குத் தேதி குறிக்கப்பட்டது. அம்மா வெளியே வந்து, "வழக்க இழுத்து விட்டுட்டீங்களே" என்று என்மேல் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு முடிந்திருந்தால் அந்தத் தம்பியின் பேரில் ஒரு குற்றப் பதிவு இருந்திருக்கும். வேலைக்குப் போகும் இடத்திலும், நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும் இடத்திலும் அது கூடவே வரும்.

உண்மையிலேயே செய்தவர், மனப்பூர்வமாக ஒப்புக்கொள்வதில் தவறு இல்லை. அதற்குத் தண்டனையில் சலுகையும் கிடைக்கும். 'மெஞெசால்' என்ற அர்த்தத்தில் 'தெரியாம' சொல்ல வேண்டிய இடம் அதற்குப் பிறகுதான், தண்டனையைக் குறைக்கக் கேட்கும் கட்டத்தில். "நல்ல பையன், இதுதான் முதல் தடவை, தங்கச்சியைப் படிக்க வைக்கிறான்" என்பதெல்லாம் அங்கே காது கொடுத்துக் கேட்கப்படும். முதல் முறை தவறியவரை, நிலைமையைப் பொறுத்து, நன்னடத்தைப் பிணையில் விடவும் சட்டம் இடம் தருகிறது. 18 முதல் 21 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனி ஏற்பாடுகளும் உண்டு.

பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற போன் வந்தால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் காரணத்துக்காகக் கைது என்று கேளுங்கள். அதைச் சொல்ல வேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி சொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். விசாரணைக்காகத் தடுத்து வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை கொண்ட குற்றம் என்றால் முதலில் 4 நாள் வரை, பிறகு 3 நாள் வரை. அதற்கு மேற்பட்ட குற்றம் என்றால் 7 நாள் வரை, பிறகு 7 நாள் வரை. உறவினரிடம் பேசவும் லாயரைப் பார்க்கவும் கைதானவருக்கு உரிமை உண்டு. அதைப் போலீஸார் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், சில விதிவிலக்குகள் இருந்தாலும். வாக்குமூலத்தில் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். ஆனால், தன்னைக் குற்றத்தில் மாட்டவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். லாயருக்குப் பணம் இல்லாத மலேசியர்களுக்காகவே தேசிய சட்ட உதவி அறவாரியம், 'யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன்', 2012 முதல் இயங்குகிறது. கைது நேரத்திலிருந்தே உதவுவார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் அவர்கள் வழக்கறிஞர்கள் நிற்பதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். கேட்டால் வருவார்கள். நம் ஆட்கள் கேட்பது குறைவு.

லாயர் வந்ததும் அவர் முதலில் கேட்கப்போவது, என்ன நடந்தது என்பதை. "தெரியாம நடந்திருச்சு" என்று அவரிடமும் ஆரம்பிக்காதீர்கள். என்ன தெரியும், என்ன தெரியாது, எப்போது தெரிந்தது, தெரிந்ததும் என்ன செய்தான் என்று நான்கையும் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த நான்கில்தான்.